மறுவாழ்வு மையத்தில் நரிக்கு வந்த எர்லிகியா தொற்று: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

எர்லிகியா என்பது உண்ணிக் கடியால் பரவும் ஒரு பாக்டீரியா. காயம்பட்ட காட்டு விலங்குகளை மீட்டு, குணப்படுத்தி, திரும்பக் காட்டில் விடும் ஒரு மையத்தில் நடந்தது இது. வாகனத்தில் அடிபட்ட வளர்ந்த ஆண் நரி ஒன்றை அங்கே கொண்டுவந்தார்கள். பின்னங்காலில் எலும்பு முறிவு. மற்றபடி நல்ல உடல்வாகு, எடை ஒன்பது கிலோவை ஒட்டி இருந்தது. மயக்க மருந்து கொடுத்து, முறிந்த எலும்பில் தகடு பொருத்தினார்கள். காதுமடலிலும் விரலிடுக்கிலும் ஒட்டியிருந்த உண்ணிகளை இடுக்கியால் எடுத்து, 70 சதவீத எத்தனாலில் போட்டு, தேதி எழுதி வைத்தார்கள். அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த இரத்தத்தில் மிஞ்சிய சீரம் உறைபெட்டிக்குப் போனது. இந்த ஆய்வு பின்னால் நின்றதே இந்த இரண்டு பொருள்களின் மேல்தான்.

எலும்பு கூடும் வரை நரியைத் தனிக்கூண்டில் வைத்திருந்தார்கள். ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் கூண்டுகளின் வரிசை அது. பக்கத்தில் ஒரு பெண் நரி, அதற்கடுத்து ஒரு காட்டுப்பூனை, கடைசியில் ஒரு மரநாய். நான் மையத்தின் ஊழியன் அல்ல. நோய்க்கான காரணத்தைத் தேட வெளியிலிருந்து அழைக்கப்பட்டு, நரி நோயுற்ற அன்றே போய்ச் சேர்ந்தேன். அதற்கு முந்தைய விவரங்கள் மையத்தின் பதிவேட்டிலிருந்து எடுத்தவை.

முதலில் கண்ணில் பட்டவை

நான்காவது வாரத்தில் நரி இரையை மிச்சம் வைக்க ஆரம்பித்தது. அதை முதலில் கவனித்தவர் இரவு முறைப் பராமரிப்பாளர். "டாக்டர், சாப்பாட்டைப் பார்த்துட்டுத் திரும்பிப் படுத்துக்குது. இவ்வளவு நாள் தட்டு வைக்கிறதுக்குள்ள பாய்ஞ்சு வரும்" என்று அவர் சொன்னது பதிவேட்டில் அப்படியே இருக்கிறது. அந்த ஒரு வரியை எந்தக் கருவியின் அளவீட்டை விடவும் மேலாக மதிக்கிறேன். காட்டு விலங்கு நோயை மறைக்கும். ஆளைக் கண்டால் நிமிர்ந்து நிற்கும். துரத்திப் பிடித்து வெப்பமானி வைத்தால், பயத்திலும் ஓட்டத்திலும் ஏறிய சூட்டைத்தான் அது காட்டும். கூண்டிலிருந்த இரவுக் கேமராவின் பதிவும் பராமரிப்பாளர் சொன்னதையே உறுதி செய்தது. நரி இரவில் நடமாடவே இல்லை.

கால் எப்படிக் கூடுகிறது என்று எக்ஸ்ரே எடுக்க அந்த வாரம் எப்படியும் மயக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. அதை முன்கூட்டியே செய்தார்கள். அப்போது தெரிந்தவை: ஈறு வெளிறியிருந்தது. வயிற்றுத் தோலிலும் காதின் உட்புறத்திலும் ஊசிமுனை அளவில் இரத்தப் புள்ளிகள். மூக்கின் ஒரு துளையில் காய்ந்த இரத்தம். நிணநீர் முடிச்சுகள் வீங்கியிருந்தன. கையால் தொட்டாலே மண்ணீரல் பெருத்திருப்பது தெரிந்தது. காதுக்குள் சில உண்ணிகளும் இருந்தன. வந்த அன்றே உண்ணிகளை எடுத்துவிட்ட விலங்கு இது என்பதால் அது எல்லோரையும் யோசிக்க வைத்தது.

இரத்த எண்ணிக்கை

இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை மிகக் குறைவு என்று கருவி காட்டியது. அதை உடனே நம்பவில்லை. மிரண்ட விலங்கிடம் தடுமாறித் தடுமாறி இரத்தம் எடுத்தால் தட்டணுக்கள் குழாய்க்குள்ளேயே திரண்டு கட்டிக்கொள்ளும். கருவி அந்தக் கட்டியை எண்ணாமல் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ என்ற பொருள் உள்ள குழாயிலேயே அப்படித் திரள்வதும் உண்டு. அதனால் வேறொரு உறைதடுப்பியான சிட்ரேட் உள்ள குழாயில் இன்னொரு மாதிரி எடுத்தோம். கண்ணாடித் தகட்டில் பூச்சும் போட்டுப் பார்த்தோம். பூச்சின் விளிம்பில் திரளல் எதுவும் இல்லை. நாயின் இரத்தப் பூச்சில், எண்ணெய் வைத்துப் பார்க்கும் 100 மடங்கு வில்லையின் ஒரு பார்வைப்பரப்பில் தெரியும் ஒரு தட்டணுவுக்கு, ஒரு மைக்ரோலிட்டருக்குச் சுமார் 15,000 என்று கணக்கு வைப்பது வழக்கம். நலமான நாயில் ஒரு பரப்பில் பத்துக்கும் மேல் தெரியும். இந்த நரியில் ஒன்றோ இரண்டோதான் தெரிந்தன. ஆக, குறைவு உண்மையானதே.

சிவப்பணுக்களின் அளவும் இறங்கியிருந்தது. ஆனால் மயக்க மருந்தில் மண்ணீரல் தளர்ந்து சிவப்பணுக்களைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். அதனால் அந்த எண்ணை வைத்து யாரும் முடிவெடுக்கவில்லை.

பூச்சிலேயே கிருமியைப் பார்த்துவிட முடியாதா என்று மையத்தின் இளைய மருத்துவர் கேட்டார். நாய்களைத் தாக்கும் எர்லிகியா கேனிஸ் என்ற இனம், மோனோசைட் என்ற வகை வெள்ளையணுவுக்குள் கொத்துக் கொத்தாகப் பெருகும். ஆனால் நோயுள்ள நாய்களிலேயே நூற்றில் நான்கைந்தில்தான் அந்தக் கொத்து கண்ணில் படும். அவர் வெகுநேரம் தேடினார். சந்தேகப்படும்படி ஓரிரண்டு இருந்தன. உறுதியாகச் சொல்லும்படி ஒன்றும் இல்லை.

என்னவாக இருக்கலாம்

இரத்தம் கசியும் ஓர் ஊனுண்ணியைப் பார்த்ததும் நினைவுக்கு வரவேண்டிய முதல் காரணம் எலி நஞ்சு. நஞ்சு தின்ற எலியைத் தின்ற விலங்குக்கு இரத்தம் உறையாமல் போகும். ஆனால் நான்கு வாரமாக மையம் கொடுத்த இரையைத்தான் இந்த நரி தின்றது. தவிரவும், அந்த நஞ்சில் உடலுக்குள் பெரிய இரத்தக்கசிவு வருவது அதிகம். தோலிலும் ஈறிலும் பொடிப் புள்ளிகள் வருவது தட்டணுக் குறைவின் அடையாளம். இருந்தாலும் கூண்டுக்குள் எலி வந்து போயிருக்காது என்று யாரால் சொல்ல முடியும்? உறைவு நேரச் சோதனை முடிவு வரும் வரை, அந்த நஞ்சுக்கு முறிமருந்தான வைட்டமின் கே1 கொடுப்பது என்று முடிவானது. அதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

அடுத்தது டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய். நாய்க் குடும்பத்தில் சோர்வோடு காய்ச்சல் என்றாலே அதைச் சோதித்தாக வேண்டும். மூன்றாவது, சிவப்பணுக்களுக்குள் வாழும் பபேசியா என்ற ஒட்டுண்ணி. அதுவும் உண்ணி வழியாகப் பரவுவதுதான், ஆனால் பாக்டீரியா அல்ல. அதற்கான மருந்தே வேறு. இவை இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1994-இல் செரெங்கெட்டியில் நடந்ததே சாட்சி. அங்கே சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மாண்டது. டிஸ்டெம்பர் வைரஸ்தான் காரணம் என்று முதலில் எழுதப்பட்டது. ஆனால் அதே வைரஸ் வேறு ஆண்டுகளில் சத்தமில்லாமல் கடந்து போயிருந்ததும் தெரிந்தது. 1994-இல் வறட்சியால் எருமைகள் மெலிந்து அவற்றின் மேல் உண்ணி பெருகியிருந்தது. அவற்றைத் தின்ற சிங்கங்களில் பபேசியாவும் உச்சத்தில் இருந்தது. 2008-இல் வெளியான ஆய்வு இதை விளக்கியது. ஒரு கிருமி கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுகிற பழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியாது. அதனால் எங்கள் மாதிரிகள் மூன்று கிருமிகளுக்கும் சேர்த்தே ஆய்வகத்துக்குப் போயின.

எர்லிகியா கேனிஸ் மேல்தான் சந்தேகம் வலுவாக இருந்தது. 1935-இல் அல்ஜீரியாவில் நாய்களில் முதலில் விவரிக்கப்பட்ட கிருமி இது. வியட்நாம் போர்க்காலத்தில் இராணுவ நாய்களை நூற்றுக்கணக்கில் கொன்ற பிறகுதான் உலகம் அதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது. 1970-களில் செந்நரிக்கும் சாம்பல் நரிக்கும் இந்தத் தொற்றைச் செயற்கையாக உண்டாக்கிப் பார்த்திருக்கிறார்கள். கென்யாவில் கருமுதுகு நரிகளிலும் அது இருப்பது தெரியவந்தது. பொதுவாகக் காட்டு நாயினங்கள் இந்தக் கிருமியை ஏந்திக்கொண்டே நோயில்லாமல் திரியக்கூடும். அறுவை, அடைப்பு, அச்சம் என்று பலவும் சேர்ந்து அழுத்தும்போது அதே விலங்கு படுத்துவிடலாம்.

எடுத்த முடிவுகள்

ஆய்வக முடிவுக்குக் காத்திருக்காமல் அன்று மாலையே டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் தொடங்கப்பட்டது. அளவு, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், 28 நாட்கள். நாய்களுக்குப் பரிந்துரைக்கப்படுவது அதுதான். நரிக்கென்று தனி அளவு வகுக்கப்படவில்லை. இதை இரண்டு வேளையாகப் பிரித்தும் கொடுக்கலாம். ஆனால் ஒரே வேளையாகக் கொடுப்பது என்று மூத்த மருத்துவர் தீர்மானித்தார். காட்டுக்குத் திரும்ப வேண்டிய விலங்கு மனிதரை எவ்வளவு குறைவாகப் பார்க்கிறதோ அவ்வளவு நல்லது. ஒரு மாதம் தினமும் இரண்டு முறை ஆள் வந்து நின்றால் அது பழகிவிடும். பழகிய நரி வெளியே பிழைக்காது.

மருந்து கசப்பு. தூளாக்கிக் கலந்தால் நரி மோந்துவிட்டு ஒதுக்கிவிடும். மாத்திரையை ஈரல் துண்டுக்குள் வைத்து, முழு இரை கொடுப்பதற்கு முன்னால், பசியோடு இருக்கும்போது கொடுத்தார்கள். எலும்பிலுள்ள கால்சியம் மருந்தைக் கட்டிப்போட்டு உறிஞ்சவிடாமல் செய்யும் என்பதால், எலும்புள்ள இரை அதற்குப் பல மணி நேரம் கழித்துத்தான். கூண்டில் துப்பிய மாத்திரை கிடக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் தேடினார்கள்.

கால் வலிக்காகக் கொடுத்துவந்த மெலாக்சிகாம் அன்றே நிறுத்தப்பட்டது. தட்டணு இல்லாத விலங்கின் குடலில் அந்த வகை மருந்து புண்ணை உண்டாக்கினால் இரத்தப்போக்கை நிறுத்துவது கடினம். அதே காரணத்துக்காகக் கழுத்து நரம்பில் ஊசி போடுவதைத் தவிர்த்து, முன்னங்காலில் மட்டும் இரத்தம் எடுத்து, வெகுநேரம் அழுத்திப் பிடித்தோம்.

ஸ்டீராய்டு பற்றி விவாதம் நடந்தது. எர்லிகியாவில் தட்டணுக்களை அழிப்பதில் உடலின் சொந்த எதிர்ப்பாற்றலுக்கும் பங்கு உண்டு. அதனால் அந்த ஆற்றலை அடக்க, ஆரம்பத்தில் கொஞ்சம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே எலும்பில் தகடு இருந்தது. டிஸ்டெம்பர் இல்லை என்பதும் இன்னும் உறுதியாகவில்லை. வேண்டாம் என்றே முடிவானது. அது சரியான முடிவு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். இரண்டு நாளில் நரி தேறவில்லை என்றால் முழு நோயறிதலையும் மறுபடி யோசிப்பது என்று ஒரு எல்லையும் வகுத்துக்கொண்டோம். தீவிர நிலை எர்லிகியா டாக்ஸிசைக்ளினுக்கு 24 முதல் 48 மணி நேரத்தில் இணங்க வேண்டும்.

தொடர்ந்து நடந்தவை

மூன்றாம் நாள் காலையில் தட்டு காலியாக இருந்தது. இரவுக் கேமராவில் நரி கூண்டின் நீளத்துக்கு நடந்துகொண்டிருந்தது. உறைவு நேரம் இயல்பு என்று தெரிந்ததும் வைட்டமின் கே1 நிறுத்தப்பட்டது. டிஸ்டெம்பரும் பபேசியாவும் இல்லை. கிருமியின் மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனையில் எர்லிகியாவின் குடும்பத்துக்குப் பொதுவான மரபுத் துண்டு கிடைத்தது. அதை வரிசைப்படுத்தியபோது எர்லிகியா கேனிஸ் என்று உறுதியானது. இந்த இரண்டாவது படி அவசியம். கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனையை மட்டும் நம்பினால் நெருங்கிய இனங்கள் ஒன்றுக்கொன்று குறுக்கே வந்து குழப்பும். நாய்க்கென்று தயாரான கிட்டைக் காட்டு விலங்கில் பயன்படுத்தும்போது அந்தக் குழப்பம் இன்னும் கூடும்.

இரண்டு வாரம் கழித்துத் தகட்டைப் பார்க்கக் கொடுத்த மயக்கத்திலேயே மறுபடி இரத்தம் எடுத்தோம். தட்டணுக்கள் இயல்பு அளவைத் தொட்டிருந்தன. இரத்தத்துக்காக மட்டும் தனியாக ஒரு முறை மயக்கம் கொடுப்பதில்லை என்பதில் மூத்த மருத்துவர் உறுதியாக இருந்தார்.

தொற்று எங்கிருந்து வந்தது

என் வேலை முக்கியமாக இதுதான். நரி தொற்றோடு வந்ததா, இங்கே வந்து வாங்கியதா? எதிர்ப்பொருள் இப்போது தெளிவாக இருந்தது. உறைபெட்டியில் இருந்த முதல் நாள் சீரத்தில் அது இல்லை. உண்ணி கடித்து நோய் தெரிய 8 முதல் 20 நாள் ஆகும். நரி படுத்தது நான்காவது வாரத்தில். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கடி கூண்டுக்குள் நடந்திருக்க வேண்டும்.

அடுத்த சான்று உண்ணிகளே. எத்தனாலில் இருந்தவை ஹீமாஃபிசாலிஸ் வகை, புதரிலிருந்து ஏறுபவை. இப்போது காதில் எடுத்தவை ரிப்பிசெஃபாலஸ் சாங்குனியஸ் என்ற பழுப்பு நாய் உண்ணி. எர்லிகியா கேனிஸைப் பரப்பும் முதன்மையான உண்ணி அதுதான். அது புதரை விடக் கட்டடத்தை விரும்பும். இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி சுவரில் மேல்நோக்கி ஏறி, வெடிப்புக்குள் நுழைந்து, ஆயிரக்கணக்கில், நான்காயிரம் வரைகூட, முட்டையிடும். தாயிடமிருந்து முட்டைக்கு இந்தக் கிருமி போவதில்லை. குஞ்சு உண்ணியோ இளம் உண்ணியோ தொற்றுள்ள விலங்கைக் கடித்துத்தான் அதை வாங்குகிறது. தோலுரித்த பிறகு அடுத்த விலங்குக்குக் கொடுக்கிறது. வளர்ந்த உண்ணி, விலங்கை விட்டு இறங்கி 155 நாள் கழித்தும் தொற்றைக் கடத்தியதாக 1970-களின் சோதனை ஒன்று காட்டியது.

அப்படியானால் இந்தச் சுவரோடு தொற்றுள்ள நாயினம் ஒன்று எப்போதோ இருந்திருக்க வேண்டும். பழைய பராமரிப்பாளர் ஒருவர் சொன்ன பிறகுதான் விஷயம் துலங்கியது. கண்காணிப்பில் வைக்க வேண்டிய தெருநாய்களை முன்பு அந்த வரிசையில்தான் கட்டிவைப்பார்களாம். கைவிளக்கோடு சுவரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தோம். தகரக் கூரையும் சுவரும் சேரும் இடைவெளியிலும், கதவுச் சட்டத்தின் பின்னாலும் உண்ணிகள் கும்பலாக இருந்தன. அவற்றில் சிலவற்றிலும் பிசிஆர் நேர்மறை.

பக்கத்துக் கூண்டுகள்

பெண் நரியின் இரத்தத்தில் கிருமியின் மரபுப்பொருள் இருந்தது. அது நன்றாகத் தின்றது, ஓடியது, தட்டணுக்களும் இயல்பு. காட்டுப்பூனைக்கும் மரநாய்க்கும் சோதனை எதிர்மறை. இங்கேதான் கடினமான கேள்வி எழுந்தது. நோயில்லாத விலங்குக்கு ஒரு மாதம் ஆன்டிபயாட்டிக் கொடுக்கலாமா? காட்டில் பிடித்த நரியிடம் இந்த முடிவு வந்திருந்தால் நான் வேண்டாம் என்றிருப்பேன். நேர்மறை என்பது நோய் என்று ஆகிவிடாது. காட்டில் ஏற்கெனவே சுற்றும் கிருமியை ஒரு விலங்கிலிருந்து துடைப்பதால் பயனும் இல்லை. ஆனால் பெண் நரிக்குத் தொற்று இந்தக் கட்டடத்தில் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதை விடப்போகும் காட்டிலுள்ள நரிகளிடம் இந்தக் கிருமி இருக்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை. விலங்குகளை இடம் மாற்றி விடுவது பற்றி 2013-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் வெளியிட்ட வழிகாட்டுதல்களும், நோயைச் சேர்த்து அனுப்பிவிடும் அபாயத்தை முன்கூட்டியே எடைபோடச் சொல்கின்றன. அதற்கும் சிகிச்சை கொடுக்கப்பட்டது. மற்ற இரண்டுக்கும் இல்லை.

சில வாரங்களுக்கு முன் அதே வரிசையில் இறந்த இன்னொரு நரியின் பதிவில் "உடல் நலிவு" என்று மட்டும் இருந்தது. அதன் மண்ணீரல் ஃபார்மலினில் இருந்தது. ஃபார்மலின் மரபுப்பொருளைத் துண்டு துண்டாக்கிவிடும். சோதனையில் ஒன்றும் தெளிவாகவில்லை. அந்தக் கேள்வி திறந்தே இருக்கிறது.

சுவரைச் சுத்தம் செய்தது

பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளிக்கலாம் என்று முதலில் ஒரு யோசனை வந்தது. பூனைக் குடும்பத்துக்கு அது கொடிய நஞ்சு. அடுத்த கூண்டில் காட்டுப்பூனை இருக்கும்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வரிசை முழுவதையும் காலி செய்து, சுவரிடுக்குகளில் கொதிநீராவி பாய்ச்சி, வெடிப்புகளைச் சிமென்ட்டால் அடைத்தார்கள். முட்டைகள் தப்பியிருக்கும் என்ற கணக்கில் சில வாரம் விட்டு மறுபடியும் செய்தார்கள். இரண்டு நரிகளுக்கும் வாய்வழியாக ஃப்ளுராலனர் என்ற உண்ணிக்கொல்லி மருந்து கொடுக்கப்பட்டது. அதை மட்டும் நம்பியிருந்தால் போதாது. அந்த மருந்து உண்ணி கடித்த பிறகுதான் அதைக் கொல்லும். இந்தக் கிருமியோ கடித்த சில மணி நேரத்திலேயே உடலுக்குள் போய்விடக்கூடியது.

பராமரிப்பாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. இதே உண்ணி ரிக்கெட்சியா கோனோரி என்ற கிருமியையும் மனிதருக்குக் கடத்தும். கையுறை இல்லாமல் உண்ணியைத் தொடக்கூடாது, விரலால் நசுக்கக்கூடாது. காய்ச்சல் வந்தால் உண்ணியுள்ள இடத்தில் வேலை என்பதை மருத்துவரிடம் தானாகவே சொல்லிவிட வேண்டும். அவர்களில் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை.

விடுவிப்பும் மாறியவையும்

மருந்து முடிந்து மூன்று வாரம் கழித்து இரண்டு நரிகளுக்கும் பிசிஆர் செய்யப்பட்டது. இரண்டிலும் கிருமி இல்லை. எதிர்ப்பொருள் பல மாதம் நீடிக்கும் என்பதால் குணமானதை அதைக்கொண்டு முடிவு செய்யவில்லை. கால் நன்றாகக் கூடிய பின் ஆண் நரி அது அடிபட்ட இடத்துக்கு அருகிலிருந்த காட்டிலேயே விடப்பட்டது. பெண் நரி அதற்குச் சற்று முன்பே போனது.

மையத்தில் இப்போது உள்ளே வரும் ஒவ்வொரு ஊனுண்ணியிடமும் முதல் மயக்கத்திலேயே சீரமும் முழு இரத்தமும் எடுத்து உறையவைக்கிறார்கள். நோயில்லாவிட்டாலும் சரி. எடுத்த உண்ணிகள் தேதியோடு எத்தனாலில் போகின்றன. இறக்கும் விலங்கின் மண்ணீரலில் ஒரு துண்டு ஃபார்மலினுக்கும் ஒரு துண்டு உறைபெட்டிக்கும் போகிறது. நாய்களுக்கான கூடம் வேறு கட்டடத்துக்கு மாறிவிட்டது. பழைய வரிசையில் இனி நாய்க் குடும்ப விலங்குகளை வைப்பதில்லை. அங்கே இப்போது பறவைகள் இருக்கின்றன. சுவரில் உண்ணி தேடுவது மட்டும் மாதம் ஒரு முறை தொடர்கிறது, இரவு முறைப் பராமரிப்பாளரின் பொறுப்பில்.